மார்கரெட் போஃபோர்ட்டின் முதல் கல்யாணம்: 1444ஆ, 1449ஆ, 1450ஆ?

#1 தேனி வாசகி

வணக்கம். ஆறு மாதமாக ரோஜாப் போர்கள் (பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரியணைக்காக நடந்த சண்டைகள்) பற்றிப் படித்துக்கொண்டே ஒரு பெரிய சார்ட் தாளில் வம்சாவளி வரைந்து வருகிறேன். ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் போஃபோர்ட் வரும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

எட்மண்ட் டியூடரைக் கட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே, குழந்தையாக இருந்தபோது, சஃபோக் பிரபுவின் மகன் ஜான் டி லா போலோடு அவருக்கு ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது. அதற்கு ஒரு இடத்தில் 1444 என்று போட்டிருக்கிறார்கள், ஒரு இடத்தில் 1449, இன்னொரு இடத்தில் 1450. 1450 என்பவர்களிலும் சிலர் ஆண்டுத் தொடக்கம் என்கிறார்கள், சிலர் ஆகஸ்ட் என்கிறார்கள்.

மார்கரெட் பிறந்தது 1443 மே 31. 1444 என்றால் ஒரு வயதுக் குழந்தை. 1450 என்றால் ஆறு வயதுச் சிறுமி. எனக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியவில்லை. அந்தக் கல்யாணப் பதிவேட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

#2 ஏட்டுப்பெட்டி

பதிவேடு கிடையாதும்மா. இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்ற ஆணை 1538ல்தான் வந்தது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்டது. அதற்கு முன்னால் ஒரு கோமகன் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும், 'இன்ன நாளில் நடந்தது' என்று எழுதிவைக்க யாருக்கும் கடமை இல்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் வேறு காரியத்துக்காக எழுதிய காகிதங்கள். நிலம், பணம், காப்புரிமை, வழக்கு. அவற்றின் ஓரத்தில் கல்யாணம் நின்றுகொண்டிருக்கும்.

அதனால் எந்தத் தேதியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தக் காகிதத்தை யார், என்ன வேண்டி எழுதினார்கள்? 1449 தவிர, நீங்கள் சொன்ன எல்லாத் தேதிகளுக்குப் பின்னாலும் நிஜமான காகிதம் இருக்கிறது. ஆனால் அவை ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை.

1444: மார்கரெட்டின் தந்தை ஜான் போஃபோர்ட் இறந்தது அந்த ஆண்டு மே 27. மகளின் முதல் பிறந்தநாளுக்கு நான்கு நாள் பாக்கி. பெரிய நிலத்துக்கு ஒரே வாரிசு. அரசர் ஆறாம் ஹென்றி உடனே அந்தக் குழந்தையின் காப்புரிமையைச் சஃபோக் பிரபு வில்லியம் டி லா போலுக்குக் கொடுத்துவிட்டார். காப்புரிமை என்றால் குழந்தையை வளர்ப்பது மட்டுமல்ல, அதை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் சேர்ந்தது. அந்த உரிமையை விற்கலாம், வாங்கலாம். வம்சாவளித் தளங்களில் இந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கல்யாணமே 1444 என்று எழுதிவிடுகிறார்கள். கையில் உரிமை வந்த நாள் வேறு, கல்யாண நாள் வேறு.

1450 பிப்ரவரி: சஃபோக் பிரபு வீழ்ந்த நேரம். ஜனவரி 28 அன்று அவரை லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். பிப்ரவரி 7 அன்று நாடாளுமன்றத்தின் பொதுச்சபை அவர் மீது குற்றப்பட்டியல் வைத்தது. அதில் ஒன்று: கைதான பிறகு இவர் தன் மகனுக்கு மார்கரெட்டைக் கட்டிவைத்திருக்கிறார், அரசருக்குப் பிள்ளை இல்லாததால் அந்தப் பெண்ணை அடுத்த வாரிசு என்று காட்டித் தன் மகனை அரியணையில் ஏற்றப் பார்க்கிறார்.

1450 ஆகஸ்ட் 18: போப் ஐந்தாம் நிக்கோலஸ் கொடுத்த விதிவிலக்கு.

1449க்கு மட்டும் தனிக் காகிதம் இல்லை. அது நாட்காட்டிச் சிக்கல். யாண்டு தம்பி இங்கே இருந்தால் இதை விளக்கட்டும்.

#3 கோட்டாறுக்காரி

விதிவிலக்கைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கேட்டு வளர்ந்த விஷயம். நெருங்கிய உறவில் கட்டினால் திருச்சபையின் அனுமதி வேண்டும். 1215ல் நான்காம் லாத்தரன் சங்கம் கூடியபோது தடையை நான்காம் தலைமுறை வரை என்று குறைத்தார்கள், அதற்கு முன்னால் ஏழு. ஓலை வாசிக்கும் வழக்கத்தை, அதாவது கல்யாணத்தை முன்கூட்டியே கோவிலில் அறிவிப்பதை, எல்லா இடத்துக்கும் கட்டாயமாக்கியதும் அதே சங்கம்தான்.

இந்த இருவருக்கும் என்ன உறவு என்று விரல்விட்டு எண்ணினேன். மார்கரெட்டின் கொள்ளுப்பாட்டி கேத்தரின் ஸ்வின்ஃபோர்ட். கேத்தரினின் சகோதரி ஃபிலிப்பா, கவிஞர் ஜெஃப்ரி சாசரின் மனைவி. ஃபிலிப்பாவின் மகன் தாமஸ், தாமஸின் மகள் ஆலிஸ், ஆலிஸின் மகன்தான் நம் மாப்பிள்ளை ஜான். சகோதரிகள் இருவருக்கும் தகப்பன் ஒருவர் என்பதால், அவரிலிருந்து இறங்கினால் இந்தப் பக்கமும் நான்கு படி, அந்தப் பக்கமும் நான்கு படி. தடையின் கடைசிக் கோட்டில் அப்படியே நிற்கிறார்கள்.

முக்கியமானது அந்த விதிவிலக்கு என்ன கேட்டது என்பது. 'கட்டிக்கொள்ள' அனுமதி இல்லை அது, ஏற்கெனவே கட்டிக்கொண்டதில் 'தொடர்ந்திருக்க' அனுமதி. அதாவது ஆகஸ்ட் 18க்கு முன்பே கல்யாணம் முடிந்துவிட்டது. விதிவிலக்கின் தேதிக்குப் பிறகுதான் கல்யாணம் நடந்திருக்கும் என்று பலர் தானாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எந்த விதிவிலக்கானாலும் இந்த ஒரு வினைச்சொல்லைப் பார்க்காமல் தேதி போடக்கூடாது.

இன்னொன்றும் மனதைத் தைத்தது. சஃபோக் பிரபு நாடுகடத்தப்பட்டுக் கப்பலில் போகும்போது மே 2 அன்று நடுக்கடலில் கொல்லப்பட்டார். இந்த அனுமதி வந்து சேர்ந்தபோது, கல்யாணத்தை நடத்தியவர் உயிரோடு இல்லை.

#4 யாண்டு

அழைத்ததற்கு நன்றி அண்ணா. சோழர் கல்வெட்டில் 'யாண்டு' என்று அரசர் பட்டமேறியதிலிருந்து எண்ணுவது போலவே இங்கிலாந்து ஆவணங்களிலும் அரசாட்சி ஆண்டுதான். ஆறாம் ஹென்றிக்கு அது செப்டம்பர் 1ல் தொடங்கும், ஏனென்றால் அவர் தந்தை இறந்தது 1422 ஆகஸ்ட் 31. அப்படியானால் 28ஆம் ஆட்சியாண்டு என்பது 1449 செப்டம்பர் 1 முதல் 1450 ஆகஸ்ட் 31 வரை. கைது, குற்றப்பட்டியல், போப்பின் விதிவிலக்கு மூன்றுமே ஒரே ஆட்சியாண்டுக்குள் அடங்கிவிடும். 'ஹென்றி 28' என்பதை அவசரமாக 1449 என்று மாற்றினால் தவறு பிறக்கும்.

இரண்டாவது வழியும் இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கிறிஸ்து ஆண்டை எண்ணுபவர்கள் மார்ச் 25ல்தான் புத்தாண்டைத் தொடங்குவார்கள்.

#5 கோட்டாறுக்காரி

மங்கள வார்த்தைத் திருநாள், மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன நாள்!

#6 யாண்டு

அதேதான் அக்கா. அவர்கள் கணக்கில் 1450 ஜனவரியும் பிப்ரவரியும் இன்னும் 1449. மார்கரெட்டின் கொள்ளுத்தாத்தா ஜான் ஆஃப் கான்ட் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டை லிங்கனில் கட்டிக்கொண்டதும் இதே போல. நமக்கு அது 1396 ஜனவரி. மார்ச் 25 கணக்கில் எழுதும் ஒருவருக்கு 1395. ஜனவரி முதல் மார்ச் வரை வரும் எந்தத் தேதியையும் நான் இரண்டு முறை சரிபார்ப்பேன்.

அரசருக்கு அரசர் தொடக்க நாள் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். மூன்றாம் எட்வர்டுக்கு ஜனவரி 25. ஜான் மன்னருக்கு இன்னும் சிக்கல்: விண்ணேற்றத் திருநாளில் முடிசூடியதால் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் திருநாள் நகர நகர ஆட்சியாண்டும் நகரும்.

#7 சிவில் வக்கீல்

இருபது வருடம் கீழ்க்கோர்ட்டில் பத்திரங்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் ஒரு ஆட்சேபம்.

'கைதான பிறகு' என்று சொல்வது யார்? எதிர்த்தரப்பு. சஃபோக்கின் தலையை வாங்கத் துடித்த சபை. உள்ளே இருந்துகொண்டே அவசர அவசரமாகக் கட்டிவைத்தார் என்றால்தான் சதி என்ற வாதம் எடுபடும். அதே கல்யாணம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிதானமாக நடந்திருந்தால் குற்றச்சாட்டின் முனை மழுங்கிவிடும். அதனால் அந்தப் பட்டியலில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. பிப்ரவரி 7 அன்று அந்தக் கல்யாணம் ஊரறிந்த செய்தி என்பது நிற்கும், இல்லாத கல்யாணத்தை நாடாளுமன்றத்தில் எழுதிவைக்க முடியாது. ஜனவரி 28க்குப் பிறகுதான் நடந்தது என்பது குற்றம் சாட்டியவரின் வாய்மொழி மட்டுமே.

#8 ஏட்டுப்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன் வக்கீல் சார். பிப்ரவரி 7 என்ற மேல் எல்லை கல், ஜனவரி 28 என்ற கீழ் எல்லை மண். நான் மேலே இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியது சரியில்லை.

#9 கோட்டாறுக்காரி

ஒரு யோசனை. தவக்காலத்தில் இன்றும் நாங்கள் கல்யாணம் வைப்பதில்லை. அந்தக் காலத்தில் தடை இன்னும் முன்னாலேயே தொடங்கும், ஈஸ்டருக்கு ஒன்பது வாரம் முந்தைய ஞாயிற்றிலிருந்து. 1450ல் ஈஸ்டர் ஏப்ரல் 5. பின்னோக்கி 63 நாள் எண்ணினால் பிப்ரவரி 1, ஞாயிறு. அன்றிலிருந்து ஈஸ்டருக்கு அடுத்த வாரம் வரை திருமணச் சடங்கு கூடாது. கைதுக்குப் பிறகு நடந்தது என்பது உண்மையானால், ஜனவரி 28 புதன் முதல் 31 சனி வரை நான்கே நாள்தான் பாக்கி. தேதி கையில் வந்த மாதிரி இல்லையா?

#10 ஏட்டுப்பெட்டி

அழகான கணக்கு, நானும் ஈஸ்டரைப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. ஆனாலும் அந்த நான்கு நாளை நான் எழுதமாட்டேன். விலக்கப்பட்ட காலம் என்பது ஆடம்பரச் சடங்குக்குத்தான் தடை. அந்த நாட்களில் செய்தாலும் கல்யாணம் செல்லும், தண்டம்தான் வரும். அதோடு ஆயர்கள் வீட்டுச் சிற்றாலயத்தில் ஓலை வாசிக்காமலேயே கட்டிக்கொள்ள உரிமம் கொடுப்பார்கள். ஆயர்களின் பதிவேடுகளில் அப்படிப்பட்ட உரிமங்கள் கிடைக்கின்றன. ஓலையே தேவையில்லை என்று ஏற்பாடு செய்யக்கூடிய குடும்பம் விலக்கப்பட்ட காலத்துக்கு அடங்கி நடந்தது என்று எப்படி நம்புவது?

சாதாரணக் குடும்பங்களுக்கு உங்கள் வழி நன்றாகவே உதவும். சிக்கலில் மாட்டிய பிரபுவுக்கு உதவாது.

#11 தேனி வாசகி

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்கப் பயமும் வருகிறது. என் சார்ட்டில் இன்னும் நாற்பது கல்யாணம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நாடாளுமன்றக் குற்றப்பட்டியல் கிடைக்காதே. சண்டை சச்சரவு இல்லாத ஒரு சாதாரணக் கோமகன் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கே தேடுவது?

#12 ஏட்டுப்பெட்டி

நிலத்தில் தேடுங்கள். எனக்குப் பிடித்தது 'ஃபீட் ஆஃப் ஃபைன்ஸ்' என்ற தொகுப்பு. ஃபைன் என்றால் இங்கே அபராதம் இல்லை, நிலத் தகராறு முடிந்தது என்ற உடன்படிக்கை. பெரும்பாலும் தகராறே இருக்காது, நிலத்தை மாற்றி எழுத அரசர் நீதிமன்றம் வழியாகப் போவார்கள், அவ்வளவுதான். எழுத்தர் ஒரே தோலில் அதே வாசகத்தை மூன்று முறை எழுதுவார்: இரண்டு பக்கம் பக்கமாக, ஒன்று அடியில் குறுக்காக. பிறகு நேர்கோடாக வெட்டாமல் அலை அலையாக வளைத்து வெட்டுவார். ஆளுக்கு ஒரு துண்டு, அடித்துண்டு அரசர் கருவூலத்துக்கு. நாளைக்கு ஒருவர் போலி கொண்டுவந்தால் அலையோடு அலை பொருந்தாது, பிடிபட்டுவிடுவார். 1195ல் தொடங்கிய இந்தப் பழக்கம் 1830கள் வரை ஓடியது. அந்த அடித்துண்டுகள் இன்று லண்டனில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அவற்றில் 'இன்னாருக்கும் அவர் மனைவி இன்னாருக்கும், அவர்கள் இருவர் உடலில் பிறக்கும் வாரிசுகளுக்கும்' என்று ஒரு வரி வந்தால், அந்த நாளுக்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. எவ்வளவு முன்னால் என்று அது சொல்லாது. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துக்கூட எழுதியிருக்கலாம்.

அடுத்தது 'இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டம்'. அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் மாவட்டம் போல) அதிகாரி ஒருவர் ஜூரியைக் கூட்டி விசாரிப்பார்: என்ன நிலம், வாரிசு யார், வயது என்ன. '21 வயதும் அதற்கு மேலும்' என்று எழுதியிருந்தால் 21 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேஜர் ஆகிவிட்டார் என்பதுதான் அதன் பொருள், முப்பதாகவும் இருக்கலாம். ஒரே வாரிசுக்கு இரண்டு கவுண்டி ஜூரிகள் இரண்டு வயது சொல்வதும் உண்டு. சின்னக் குழந்தையின் வயதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

வாரிசு மேஜரானதை நிரூபிக்கும் விசாரணை தனி. பன்னிரண்டு பேர் வரிசையாக வந்து, இந்தப் பிள்ளை பிறந்த நாள் எனக்கு எப்படி நினைவிருக்கிறது என்றால், என்று சொல்வார்கள். அன்றுதான் என் அப்பாவை அடக்கம் செய்தோம். அன்றுதான் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. அன்றுதான் எனக்குக் கல்யாணம். முதல் முறை படித்தபோது ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு கிராமமே திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அதே கால்முறிவும் அதே அடக்கமும் வேறு வேறு கவுண்டிகளில் அச்சு அசலாகத் திரும்ப வருகின்றன. எழுத்தர்கள் மாதிரிப் படிவம் வைத்திருந்திருக்கிறார்கள். இப்போதும் ஆசையாகப் படிக்கிறேன், தேதிக்கு மட்டும் அதில் சாய்வதில்லை.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால் கருவூலத்தின் பைப் ரோல் என்ற வருடக் கணக்குச் சுருள் இருக்கிறது. எஞ்சியதில் முதலாவது 1130ஆம் ஆண்டினுடையது. அதில் செஸ்டர் கோமகள் லூசி, கணவர் ரானுல்ஃப் இறந்த பிறகு, ஐந்து வருடத்துக்குத் தன்னை யாருக்கும் கட்டிவைக்காமல் இருக்க 500 மார்க் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு மார்க் என்றால் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. கல்யாணம் நடக்காத காலத்துக்கு இப்படி ஒரு ரசீது! விதவைகளை இப்படிப் பிழிந்ததால்தான் ஜான் மன்னர் ஒப்புக்கொண்ட உரிமைப் பத்திரமான 1215 மாக்னா கார்ட்டாவின் எட்டாம் பிரிவில் எந்த விதவையையும் கட்டாயக் கல்யாணத்துக்கு உட்படுத்தக்கூடாது என்று எழுதவேண்டி வந்தது.

#13 சிவில் வக்கீல்

சண்டை இல்லாத கல்யாணம் எங்கே என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் சண்டை வந்தால்தான் துல்லியமான தேதியே பிறக்கும்.

எலிசபெத் டி கிளேர் கதையைப் பாருங்கள். அண்ணன் கில்பர்ட் 1314ல் பானக்பர்ன் போரில் விழுந்ததும் பெரும் சொத்து மூன்று சகோதரிகளுக்கு வரப்போகிறது. அதில் இவர் ஒருவர், வயது இருபது, விதவை. அரசர் இரண்டாம் எட்வர்ட் பிரிஸ்டல் கோட்டையில் வைத்திருந்தார். 1316 பிப்ரவரி 4 அன்று தியோபால்ட் டி வெர்டன் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டார். அரசர் லிங்கன் நாடாளுமன்றத்தில் விளக்கம் கேட்டார். வெர்டன் சொன்ன பதில் பதிவாகியிருக்கிறது: அயர்லாந்திலேயே எங்களுக்கு நிச்சயமாகிவிட்டது, அவரே கோட்டையை விட்டு ஒரு லீக் தூரம் வந்து என்னைச் சந்தித்தார். தூக்கிப்போனாரா, இவரே நடந்துவந்தாரா என்பதை இன்றும் முடிவு செய்ய முடியாது. எலிசபெத் என்ன நினைத்தார் என்பதற்கு அவர் வாயால் ஒரு சொல் இல்லை. ஆனால் நாள் மட்டும் துல்லியம். அந்த ஜூலை 27ல் வெர்டன் இறந்தார், 1317 மார்ச் 21ல் மகள் இசபெல்லா பிறந்தாள். அவருடைய நிலத்தில் பங்கு கேட்க மூத்த தாரத்து மகள்கள் மூவரோடு இந்தக் குழந்தையும் நான்காவதாகச் சேர்ந்தது.

அரச குலத்துப் பெண் கென்ட் ஜோனின் வழக்கும் இப்படித்தான். தாமஸ் ஹாலந்து அவரைப் பன்னிரண்டு வயது வாக்கில் ரகசியமாகக் கட்டிக்கொண்டு போருக்குப் போய்விட, வீட்டார் வில்லியம் மான்டகுவுக்கு ஊரறியக் கட்டிவைத்தார்கள். ஹாலந்து போப்பிடம் வழக்குப் போட்டு 1349 நவம்பரில் ஜெயித்தார். அந்த ரகசியக் கல்யாணத்தை 1340 வாக்கில் என்று நாம் எழுதுவது ஹாலந்தின் மனுவில் 'எட்டு ஆண்டுகளுக்கு மேல்' என்று இருப்பதால்தான். வாதி தன் கல்யாணம் முந்தியது என்று நிரூபிக்க வேண்டிய வழக்கில் வாதியே சொன்ன கணக்கு அது. தீர்ப்பு அவர் பக்கம் என்பதால் ஏற்கிறோம், ஆனால் பக்கத்தில் 'வாக்கில்' என்ற சொல் கட்டாயம் இருக்கவேண்டும்.

#14 தேனி வாசகி

லூசியின் ரசீதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன்.

மார்கரெட் பற்றி ஒரு கடைசிக் கேள்வி. 1509ல் அவர் இறந்தபோது ஆயர் ஜான் ஃபிஷர் ஆற்றிய உரையில் வேறு கதை வருகிறது. ஒன்பது வயது நெருங்கும்போது சஃபோக்கின் மகனா, எட்மண்டா என்று அவரே தேர்வு செய்ய வேண்டியிருந்ததாம். புனித நிக்கோலாஸிடம் வேண்டினாராம், கனவில் ஆயர் உடையில் ஒருவர் வந்து எட்மண்டைச் சொன்னாராம். ஏற்கெனவே கல்யாணமான பெண் எப்படித் தேர்வு செய்ய முடியும்?

#15 கோட்டாறுக்காரி

முடியும். திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்குப் பன்னிரண்டு, பையனுக்குப் பதினான்கு வயதுக்கு முன் நடந்த கல்யாணம் கட்டாது. வயது வந்ததும் ஏற்கலாம், மறுக்கலாம். 1450ல் மார்கரெட்டுக்கு ஆறு, ஜானுக்கு ஏழு. 1453 தொடக்கத்தில் அந்தக் கல்யாணம் கலைக்கப்பட்டது, மார்ச்சில் காப்புரிமை எட்மண்டுக்கும் தம்பி ஜாஸ்பருக்கும் போனது. 1455 மே 31ல் பன்னிரண்டு முடிந்தது, நவம்பர் 1ல் எட்மண்டோடு கல்யாணம். 1472ல் எழுதிய உயிலில் எட்மண்டைத்தான் முதல் கணவர் என்கிறார் மார்கரெட்.

அந்தக் கனவைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் தாளில் எழுதி முடித்த ஒரு முடிவை, தானும் புனிதரும் சேர்ந்து எடுத்ததாக ஒரு குழந்தை நினைவில் வைத்திருந்திருக்கிறது. தேதிக்கு அது உதவாது. அவரைப் புரிந்துகொள்ள உதவும்.

#16 தேனி வாசகி

சார்ட்டில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

'ஜான் டி லா போல் – மார்கரெட் போஃபோர்ட். 1450 பிப்ரவரி 7க்கு முன். பொதுச்சபையின் குற்றச்சாட்டுப்படி ஜனவரி 28க்குப் பின். போப்பின் விதிவிலக்கு 1450 ஆகஸ்ட் 18. 1453ல் கலைக்கப்பட்டது.'

#17 ஏட்டுப்பெட்டி

'பிப்ரவரி 7க்கு முன்' என்பதை 'பிப்ரவரி 7க்குள்' என்று மாற்றுங்கள். அப்புறம் ஆண்டுக்குப் பக்கத்தில் 'புதிய கணக்கு' (ஜனவரி 1ல் தொடங்கும் ஆண்டு) என்று ஒரு குறிப்பு போடுங்கள், இல்லையென்றால் உங்கள் சார்ட்டைப் பார்க்கிற இன்னொருவர் இதை 1451 ஆக்கிவிடுவார். மற்றபடி மையிலேயே எழுதலாம்.